மெசின் வருமுன் யாரைக் கேட்பது?

வணக்கம் நேயர்களே. வேளாண்மை வெட்டும் மெசின் மட்டக்களப்பு, அம்பாறை வயல்களில் இறங்கியபோது, தாக்கத்தி பிடித்த கைகளுக்கு இனி என்ன வேலை என்று எங்களிடம் யாரும் கேட்டதாக நினைவில்லை. மெசின் கூடாது என்று சொல்ல வரவில்லை. மழைக்கு முன்னே வெட்டி முடிக்க அது எவ்வளவு உதவி என்பது வயல் செய்பவர்களுக்குத் தெரியும். இப்போது மருந்தடிக்க ட்ரோன் வருகிறது. முதுகில் டேங்கைச் சுமந்து மருந்தடித்தவரின் உடம்புக்கு அது நல்லது. சரி, அவருடைய நாள் கூலி? பக்கத்து வளவுக் கிணற்றில் விழும் மருந்து?

இப்படிக் கேட்பதற்கென்றே சில பாராளுமன்றங்கள் தனி அலுவலகம் வைத்திருக்கின்றன. அமெரிக்கக் காங்கிரஸ் 1972இல் ஒன்றை அமைத்தது. இரு சபைகளிலும் இரு கட்சிகளிலும் இருந்து சம எண்ணிக்கையில் 12 உறுப்பினர்கள் அதை வழிநடத்தினார்கள். இதைச் செய் என்று அது கட்டளையிடாது. இந்த வழியில் போனால் இவருக்கு லாபம், அந்த வழியில் போனால் அவருக்கு நட்டம் என்று விரித்து வைக்கும். 1995இல் செலவைக் குறைக்கிறோம் என்று அதை மூடிவிட்டார்கள். கண்ணை விற்று வாங்கிய சித்திரம் அது, வேறென்ன சொல்ல. ஜெர்மனியில் 1990இல் தொடங்கியது இன்றும் நடக்கிறது.

எனக்குப் பிடித்தது டென்மார்க் காரர்களின் முறை. 1987இல் தொடங்கினார்கள். அந்த நாட்களில் துறை தெரியாத சாதாரண ஆட்கள் பதினைந்து பேரளவில் ஒரு குழுவாக உட்காருவார்கள். விஞ்ஞானிகள் எதிரே வந்து பதில் சொல்ல வேண்டும். கேட்டு முடித்ததும் குழுவே அறிக்கை எழுதும், அது பாராளுமன்றத்துக்குப் போகும். உணவைக் கதிர்வீச்சில் பதப்படுத்தலாமா என்பதையும் 1989இல் இப்படித்தான் விசாரித்தார்கள்.

ஒரு தொழில்நுட்பத்தைக் கைவிடுவதற்கும் இதே விசாரணை வேண்டும். இங்கே இலங்கையில் 2021 மே மாதத்தில் ஒரு வர்த்தமானி அறிவித்தலோடு இரசாயன உர இறக்குமதி நின்றது. எல்லாரும் சேதனப் பசளைக்கு மாற வேண்டும் என்றார்கள். நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள். ஆனால் அந்தப் பெரும்போகத்தில் விளைச்சல் விழுந்தது விழுந்ததுதான். சேதனப் பசளை நல்லதா என்பது வேறு கதை. ஒரு போகத்துக்குள் மாற முடியுமா என்று விதைப்புக்கு முன்பே வயல்காரரிடம் கேட்டிருந்தால் பதில் உடனே கிடைத்திருக்கும்.

எங்கள் பாராளுமன்றத்தில் துறைசார் மேற்பார்வைக் குழுக்கள் இருக்கின்றன. ட்ரோனைப் பற்றி அவை விசாரிப்பதானால் கொழும்பில் மட்டும் உட்காராமல் வவுணதீவுக்கும் சம்மாந்துறைக்கும் வரட்டும். ஆவணங்கள் தமிழில் முன்கூட்டியே வர வேண்டும். காணிக்காரரோடு மருந்தடிக்கும் கூலியாளும், வெட்டு முடிந்த வயலில் கதிர் பொறுக்கும் பெண்ணும் அந்த மேசையில் இருக்க வேண்டும். அப்புறம் ஒன்று, தை மாசியில் கூட்டத்தை வைத்துவிடாதீர்கள். வெட்டு நேரம், ஆள் வராது.