ஜே, கே, பி, ஓ, செமிகோலன்
(கல்லூரிக் கணித்தமிழ்ப் பேரவைத் தொடக்க விழாவில் பேசியது)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் முதல்வர் ஐயா அவர்களே, இந்தப் பேரவை அமைய விடாப்பிடியாக அலைந்த கணினித்துறைத் தலைவர் அம்மா அவர்களே, தமிழ்த்துறைப் பேராசிரியப் பெருமக்களே, அன்போடு பொன்னாடை போர்த்திய நூலகர் ஐயா அவர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

நீங்கள் கற்கும் நிரலாக்கம் ஊருக்கு எப்படி உதவும்? பார்வையற்றோருக்காகப் பேச வந்திருக்கிறேன். ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். நான் எந்த மேடையிலும் சொல்வது இது.

என் அக்கா மகனுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. கணினியில் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் வைத்திருக்கிறான். திரையில் இருப்பதை அது வாசிக்கும், அவன் கேட்பான். ஒருநாள் ஒரு வேலைவாய்ப்பு அறிவிப்பைத் திறந்தவன், ஹெட்போனைக் கழற்றி என் காதில் மாட்டினான். "மாமா, இது என்ன மொழின்னு சொல்லுங்க" என்றான். அம்புக்குறியை ஒவ்வொன்றாகத் தட்டினான். "ஜே… கே… பி… ஓ… செமிகோலன்." திரையைப் பார்த்தேன். 'தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்' என்று இருந்தது. தமிழ் எம்.ஏ. படித்த பிள்ளை அவன்! விண்ணப்பிக்க மறுநாள் கடைசி. நாலு பக்கத்தையும் நான் வாசிக்க வாசிக்க, பிரெயிலில் குத்திக்கொண்டான். இரவு பதினொன்றாகிவிட்டது.

கோளாறு பாமினி எழுத்துருவில். ஆங்கில எழுத்தின் மேல் தமிழ் உருவத்தை ஒட்டிவைத்த பழைய ஏற்பாடு அது. கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு ஆங்கிலம். ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் தரும் பொது முறைதான் யூனிகோடு; அதில் தமிழ் கணினிக்கும் தமிழ்தான். 2010இலேயே தமிழக அரசு அதை ஏற்று ஆணை போட்டுவிட்டது. ஆனாலும் பழைய கோப்பிலிருந்து நகலெடுக்கும் வழக்கம் போகவில்லை.

அந்த என்விடிஏ பிறந்த கதையையும் கேளுங்கள். 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் அதைப் பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதத் தொடங்கினார். பிறகு ஜேம்ஸ் டே சேர்ந்தார். சிறுவயதில் இசை முகாமில் பழகிய நண்பர்கள், இருவருக்கும் பார்வை கிடையாது. யாரும் பார்க்கலாம், திருத்தலாம் என்று நிரலைத் திறந்து வைத்தார்கள், காசு கேட்கவில்லை. தமிழாக்கம்கூடத் தன்னார்வலர்கள் செய்ததுதான். ஊர் கூடித் தேர் இழுத்தது என்றால் இதுதான்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? பாமினியை யூனிகோடாக மாற்றும் நிரல் எழுதுங்கள். 'ஓப்பன் தமிழ்' என்ற பைத்தான் நிரல் தொகுப்பில் தொடக்கம் கிடைக்கும். ஓரிடத்தில் கவனம்: 'கொ'வில் கொம்பு முன்னால், கால் பின்னால். பாமினியில் அதே வரிசையில் கிடக்கும். யூனிகோடில் ககரம் முதலில், ஒகரக்குறி அப்புறம். வெறுமனே எழுத்துக்கு எழுத்து மாற்றினால் சொல் சிதைந்துவிடும்.

கல்லூரியின் பழைய சுற்றறிக்கைகளைத் தர முதல்வர் ஐயா ஒப்புக்கொண்டிருக்கிறார். சனிக்கிழமை காலை 10 மணிக்கு ஆய்வகம் திறந்திருக்கும். நீங்கள் மாற்றிய பக்கங்களைக் கேட்டுப் பிழை சொல்ல, ஹெட்போனோடு என் அக்கா மகன் வருகிறான்.