நிக்கல் கழிவுகள், எண் 34

நேயர்களுக்கு வணக்கம். படத்தைக் காட்ட முடியாத வானொலியில் ஒரு படத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன், கொஞ்சம் பொறுத்தருளுங்கள்.

கன்னங்கரிய நிலம். அதன் நடுவே செக்கச்செவேலென்று ஓர் ஆறு வளைந்து நெளிந்து ஓடுகிறது. எரிமலைக் குழம்பு என்றுதான் முதலில் தோன்றும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துச் சட்பரியில், 1996இல் ஒளிப்படக் கலைஞர் எட்வர்ட் பர்டின்ஸ்கி எடுத்த படம் இது. ஓடுவது, தாதுவிலிருந்து நிக்கலைப் பிரித்தபின் வெளியேற்றும் சுரங்கக் கழிவு. அதிலுள்ள இரும்பு காற்றுபட்டுத் துருவேறியதால் வந்த சிவப்பு. படத்துக்குக் கவித்துவமான பெயர் எதுவும் சூட்டவில்லை. 'நிக்கல் கழிவுகள், எண் 34', பிறகு ஊர், ஆண்டு. அரசாங்கக் கோப்பில் எழுதுவதைப் போல, அவ்வளவுதான்.

அழிவை இத்தனை அழகாகக் காட்டலாமா என்ற கேள்வி பர்டின்ஸ்கியை விடாமல் துரத்துகிறது. காட்டலாம் என்பேன். சாக்கடை நீரின் படம் நாளேட்டில் வந்தால் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். இதன் முன்னால் நின்றுவிடுகிறோம். ஆனால் அந்தத் தலைப்புச் சீட்டைக் கழற்றிவிட்டால், வரவேற்பறைக்குப் பொருத்தமான வண்ணப்படம் மட்டுமே மிஞ்சும். எனக்குள்ள குறை வேறு: அந்த ஆற்றங்கரையில் ஓர் ஆள்கூட இல்லை. 2000இல் வங்கதேசத்தின் சிட்டகாங்கில், கப்பல் உடைக்கும் கரையில் அவர் எடுத்த படங்களில் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். என் கணக்கில் அவை ஒரு படி மேல்.

சிக்கல் புதிதல்ல. கார்ல்டன் வாட்கின்ஸ் என்ற ஒளிப்படக் கலைஞர் 1861இல் கலிபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கைப் பெரிய கண்ணாடித் தகடுகளில் படமெடுத்தார். அந்த நிலத்தைக் காக்கும் சட்டத்தில் 1864இல் லிங்கன் கையெழுத்திட்டதற்கு அப்படங்களும் துணைநின்றன என்பார்கள். அதே வாட்கின்ஸ், சுமார் 1871இல், தண்ணீரைப் பீய்ச்சியடித்து மலையைக் கரைத்துத் தங்கம் எடுத்த சுரங்கத்துக்கும் போனார். அதே கைத்திறன்தான்; கூலி கொடுத்தது சுரங்க நிறுவனம். தொழிலின் பெருமையைச் சொல்ல எடுத்த அந்தப் படங்களை இன்று நாம் அழிவின் சாட்சியமாகப் பார்க்கிறோம்.

அன்று அவை எதையும் தடுக்கவில்லை. கரைந்த மண் ஆற்றில் இறங்கி, கீழே இருந்த வயல்களை மூடியது. ஆற்றோரத்து நிலச் சொந்தக்காரர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். சுரங்க மண்ணை ஆற்றில் கொட்டக் கூடாது என்று நீதிமன்றம் தடை விதித்தது 1884இல்தான்.