‘ரெண்டாவது கோடு லேசா வந்துச்சு’: லாரிப்பேட்டையில எடுத்த எச்.ஐ.வி டெஸ்ட்டை நம்பலாமா?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகள்ல ஒண்ணே ஒண்ணை மட்டும் எடுத்துக்கறேன். அனுப்பினவர் ஒரு லாரி டிரைவர். பேரு, ஊரு ரெண்டும் வேண்டாம்னு சொல்லியிருக்கார். அவர் எழுதினதை அப்படியே படிக்கிறேன்.

‘ராத்திரி லாரிப்பேட்டையில சாப்பிட்டுட்டு நின்னப்ப ரெண்டு பேர் வந்து எய்ட்ஸ் டெஸ்ட் பண்றோம்னாங்க. கூட நின்னவங்க எல்லாரும் விரலை நீட்டுனாங்க, நானும் நீட்டிட்டேன். எனக்கு மட்டும் ரெண்டாவது கோடு லேசா வந்துச்சு. ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னு சொல்லி நம்பர் வாங்கிட்டுப் போனாங்க. இன்னும் போகல. டாக்டர் இல்லாம ரோட்டோரமா பண்ற டெஸ்ட்டை நம்பலாமா? நிஜமாவே இருந்தா முதலாளிக்குச் சொல்லிருவாங்களா?’

தம்பி, முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். உங்களுக்கு எச்.ஐ.வி இருக்குன்னு இதுவரைக்கும் யாரும் சொல்லல. அந்த ரெண்டு பேரும் சொல்லியிருக்க முடியாது, சொல்லவும் கூடாது. அவங்க பண்ணது சலிச்சு எடுக்கற வேலை. அரிசியைப் புடைக்கும்போது கல்லு மாதிரித் தெரியறதை எல்லாம் ஒரு ஓரமா ஒதுக்குவோம் இல்லையா? ஒதுக்கினது அத்தனையும் கல்லு கிடையாது. கையில எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும். இந்த டெஸ்ட்ல ரெண்டாவது கோடு வந்தா அதுக்குப் பேரு ‘ரியாக்டிவ்’. ‘பாசிட்டிவ்’ங்கற வார்த்தையை நம்பிக்கை மையத்துல மூணு டெஸ்ட் பண்ணின பிறகுதான் சொல்லுவாங்க.

நம்பிக்கை மையம்னா தெரியும்ல? அரசு ஆஸ்பத்திரிகள்ல இருக்கற எச்.ஐ.வி ஆலோசனை, பரிசோதனை மையத்துக்கு நம்ம தமிழ்நாட்டுல அதுதான் பேரு. அங்க கை நரம்புல ரத்தம் எடுத்து, ஒண்ணுக்கொண்ணு வேற மாதிரி வேலை செய்யற மூணு கிட்ல பார்ப்பாங்க. மூணுலயும் ரியாக்டிவ்னு வந்தாத்தான் ‘இருக்கு’ன்னு முடிவு. காசு கிடையாது.

ஏன் மூணு தடவைன்னு கேட்கலாம். ஒரு கணக்குச் சொல்றேன். இந்த மாதிரி கிட், வைரஸ் இல்லாத 100 பேர்ல குறைஞ்சது 98 பேருக்காவது ‘இல்லை’ன்னு சரியாச் சொல்லணும்னு உலக சுகாதார நிறுவனம் வச்சிருக்கு. நிறைய கிட் அதைவிட நல்லாவே சொல்லும். இருந்தாலும் 98ன்னே வச்சுப்போம். பேட்டையில 1000 பேரைப் பார்க்கறோம், அதுல நிஜமா 10 பேருக்கு இருக்குன்னு வச்சுக்குங்க. மிச்சம் 990 பேர்ல, நூத்துக்கு ரெண்டு பேர்னா, கிட்டத்தட்ட 20 பேருக்குச் சும்மாவே கோடு விழும். ஆக மொத்தம் கோடு விழுந்தவங்க 30 பேர், அதுல நிஜம் 10 பேர்தான். இந்தியா முழுக்கப் பார்த்தா பெரியவங்கள்ல 0.21 சதவீதம் பேருக்குத்தான் எச்.ஐ.வி இருக்குன்னு 2021 கணக்கு சொல்லுது. அப்ப ஊர்ல எல்லாரையும் கூப்பிட்டு 1000 பேருக்குப் பார்த்தா நிஜம் ரெண்டு, பொய்க்கோடு 20. ஆனா ஊசியில போதை மருந்து ஏத்திக்கறவங்க மத்தியில அதே வருஷம் ஏறக்குறைய 9 சதவீதம். அங்க 1000 பேருக்குப் பார்த்தா நிஜமே 90. அதனாலதான் கிட்டை எடுத்துக்கிட்டு எல்லா ஊருக்கும் போறதில்ல. ஆபத்து எங்க அதிகமோ, ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க எங்க கம்மியோ, அங்கதான் போறாங்க.

இதுக்காக ‘அப்ப எனக்கு வந்தது பொய்க்கோடுதான்’னு வண்டியைக் கிளப்பிடாதீங்க. லேசான கோடும் கோடுதான். கிட்ல எழுதியிருக்கற நேரத்துக்குள்ள வந்திருந்தா அது ரியாக்டிவ். அந்த நேரம் தாண்டி, ஒரு மணி நேரம் கழிச்சுத் தூக்கி எறியப் போகும்போது தெரியற கோட்டுக்குத்தான் மதிப்பு கிடையாது. கிட் சரியா வேலை செய்யுதான்னு காட்டற முதல் கோடு, அதாவது ‘சி’ன்னு போட்ட இடத்துல வர்ற கோடு, வரலைன்னா அந்த கிட்டே செல்லாது, புதுசு எடுத்து மறுபடி பண்ணணும்.

‘டாக்டர் இல்லாம’ன்னு கேட்டிருக்கீங்க. இதுக்கு டாக்டர் வேணாம் தம்பி. பயிற்சி எடுத்த களப்பணியாளரே பண்ணலாம்னு 2015லேயே உலக சுகாதார நிறுவனம் சொல்லிடுச்சு. நீங்க பார்க்க வேண்டியது வேற. விரலைத் துடைச்சாங்களா, உங்க கண்ணு முன்னாடி புது ஊசியைப் பிரிச்சாங்களா, முதல்ல வந்த சொட்டைத் துடைச்சிட்டு அடுத்த சொட்டை எடுத்தாங்களா, குத்தறதுக்கு முன்னாடி எதுக்குன்னு சொல்லிச் சம்மதம் கேட்டாங்களா?

இந்தக் கடைசி விஷயத்துலதான் எனக்கு வருத்தம். எல்லாரும் நீட்டுனாங்க, நானும் நீட்டிட்டேன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அது சம்மதம் ஆகாது. கூட நின்னவங்க கண்ணுல உங்க கோடு பட்டிருந்தா அது பெரிய தப்பு. டார்கெட்டை முடிக்கணும்னு அவசரப்படற இடத்துல இது நடக்குது, நானே பார்த்திருக்கேன். ஒரு தார்ப்பாய் மறைப்பு, ரெண்டு ஸ்டூல். அதுக்குக்கூடவா வழியில்ல?

நானும் அந்த வேலை பார்த்தவதான். ராத்திரி ஒன்பதரைக்கு டீக்கடைக்குப் பின்னாடி, செல்போன் டார்ச்சை ஒருத்தர் பிடிச்சுக்க, கிட்டைச் சமமா ஒரு பலகை மேல வைப்போம். சொட்டு விட்டா ரிசல்ட்டுக்கு 20 நிமிஷம் ஆகும். அந்த 20 நிமிஷம் இருக்கே, அதுதான் வேலையே. டெஸ்ட்டுக்கு வந்தவர் வாங்கின டீயைக் குடிக்காம கையிலேயே வச்சிருப்பார். கண்ணு கிட் மேலேயே இருக்கும். பொண்ணு எட்டாவது படிக்குது, கணக்குல வீக்குன்னு சம்பந்தமே இல்லாம ஆரம்பிப்பார். நான் டியூஷன் பத்திப் பேசுவேன். பத்தாவது நிமிஷத்துல அவரா கேட்பார், ‘வந்திருந்தா என் சம்சாரத்துக்கும் இருக்குமாக்கா?’ன்னு.

இவங்க ஏன் ஆஸ்பத்திரிக்கே வரக்கூடாதுன்னு நிறைய பேர் கேட்கறாங்க. ஆஸ்பத்திரி பகல்ல திறக்குது, லாரி பகல்ல ஓடுது. அது ஒரு காரணம். ஆனா நிஜக் காரணம் தூரமோ நேரமோ இல்ல, கண்ணு. ஒரு ஆஸ்பத்திரியில எங்க நம்பிக்கை மைய ரூம் ஓ.பி. வரிசைக்கு நேர் எதிர்ல. வாசல்ல பெரிய எழுத்துல போர்டு. ஒருத்தர் மூணு வாரம் வந்து எதிர்ல இருந்த வேப்ப மரத்தடியில உட்கார்ந்துட்டு உட்கார்ந்துட்டுப் போனார். நாலாவது வாரம் வெளிய போய்க் கேட்டேன். வரிசையில அவர் பக்கத்து வீட்டம்மா நின்னாங்களாம். திருநங்கைகளுக்கு, பாலியல் தொழில் பண்றவங்களுக்கு, ஆணோட உறவு வச்சுக்கற ஆண்களுக்கு அந்த வரிசையில எல்லாருமே பக்கத்து வீட்டம்மாதான். அதனாலதான் சித்திரைப் பௌர்ணமிக்குக் கூவாகத்துல எச்.ஐ.வி பிரச்சாரம் நடக்குது. திருநங்கைகள் தலை நிமிர்ந்து, கும்பலா வர்ற இடம் அது. அங்க கூச்சப்பட வேண்டியது வேடிக்கை பார்க்க வர்றவங்கதான்.

இந்தியாவுல முதல்முதலா எச்.ஐ.வி கண்டுபிடிச்சதே சென்னையிலதான், 1986ல. டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, நிர்மலா செல்லப்பன்ங்கற மாணவி மயிலாப்பூர்ல பெண்களை அடைச்சு வச்சிருந்த இல்லத்துக்குப் போய் ரத்தம் எடுத்தாங்க. ஆறு பேருக்கு இருந்துச்சு. எதுக்கு ரத்தம் எடுக்கறாங்கன்னே அந்தப் பெண்களுக்குத் தெரியாது. சுனிதியும் நிர்மலாவும் செஞ்சது சாதாரண வேலை இல்ல, தலைவணங்கறேன். ஆனா டெஸ்ட் மக்களைத் தேடிப் போன முதல் தடவை, கதவு வெளிப்பக்கம் பூட்டியிருந்துச்சு. அதை நான் மறக்கறதில்ல. இன்னைக்கு உங்களால ‘வேண்டாம்’னு சொல்ல முடியும். அதான் வித்தியாசம்.

சட்டமும் அதைத்தான் சொல்லுது. 2017ல எச்.ஐ.வி, எய்ட்ஸ் சட்டம் வந்துச்சு, 2018 செப்டம்பர் 10ல இருந்து அமல்ல இருக்கு. சம்மதம் இல்லாம டெஸ்ட் எடுக்கக்கூடாது. உங்களுக்கு இருக்குங்கறதை உங்க சம்மதம் இல்லாம முதலாளிக்குச் சொல்லக்கூடாது. எச்.ஐ.வின்னு காரணம் காட்டி வேலையை விட்டு எடுக்கவும் கூடாது. தனியார் முதலாளிக்கும் இது பொருந்தும். ஆணுறையோ புது ஊசியோ கொடுக்கற களப்பணியாளரைக் குற்றவாளின்னு பிடிக்கவும் முடியாது. 2001ல லக்னோவில இந்த மாதிரி வேலை பார்த்த நாலு பேரை, ஆணோட ஆண் உறவு வச்சுக்கறதைக் குற்றம்னு அப்ப சொன்ன 377வது பிரிவுல பிடிச்சு ஒன்றரை மாசம் ஜெயில்ல வச்சிருந்தாங்க. உங்க பேட்டைக்கு அந்த ரெண்டு பேர் பயமில்லாம வர முடிஞ்சதுக்குப் பின்னாடி இதெல்லாம் இருக்கு.

இப்ப நீங்க என்ன பண்ணணும்? உங்க ஊர்லதான் போகணும்னு கிடையாது. சேலத்துல லோடு இறக்கினா சேலத்துல போங்க, தூத்துக்குடின்னா தூத்துக்குடியில. தெரிஞ்சவங்க கண்ணுல படாத ஊரா நீங்களே பார்த்துக்கலாம். எங்க இருக்குன்னு தெரியலைன்னா 1097க்கு அடிங்க, காசு ஆகாது. தனியாப் போகத் தயக்கமா இருந்தா நம்பர் வாங்கிட்டுப் போனவரைக் கூப்பிடுங்க. கூட வர்றது அவர் வேலை. என் அனுபவத்துல கிட் நல்லதா கெட்டதாங்கறதைவிட, மறுநாள் கூட ஒருத்தர் வந்தாரா இல்லையாங்கறதுதான் முக்கியம். கோடு விழுந்து நாங்க இழந்தவங்க எல்லாரும் பேட்டைக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவுலதான் தொலைஞ்சாங்க.

முடிவு தெரியற வரைக்கும் வீட்ல ஆணுறை இல்லாம வேண்டாம். ‘ரத்த தானம் பண்ணினா அவங்களே டெஸ்ட் பண்ணிச் சொல்லிருவாங்க’ன்னு சிலர் குறுக்கு வழி சொல்லுவாங்க. அந்தப் பக்கமே போகாதீங்க. அது இன்னொருத்தர் உயிரோட விளையாடறது. கோடு வராத உங்க கூட்டாளிகளுக்கும் ஒரு வார்த்தை: போன மூணு மாசத்துக்குள்ள ஏதாவது நடந்திருந்தா கிட்டுக்கு அது தெரியாமப் போயிருக்கலாம். மூணு மாசம் கழிச்சு மறுபடி பாருங்க.

இருக்குன்னே முடிவானாலும், 2017ல இருந்து எல்லாருக்கும் உடனே மருந்து ஆரம்பிக்கறாங்க. பெரும்பாலானவங்களுக்குத் தினம் ஒரு மாத்திரை, இலவசம். நிலையா இருக்கறவங்களுக்கு ரெண்டு மூணு மாச மாத்திரையைச் சேர்த்துக் கொடுக்கறதும் உண்டு, குவாஹாட்டி வரைக்கும் லோடு அடிக்கலாம். ஒழுங்காச் சாப்பிட்டு, ரத்தத்துல வைரஸ் டெஸ்ட்லயே தெரியாத அளவுக்கு இறங்கி, அப்படியே நின்னா, உடலுறவு மூலமா அடுத்தவங்களுக்குப் பரவாது. ‘என் சம்சாரத்துக்கும் இருக்குமா’ன்னு நீங்களும் மனசுல கேட்டுக்கிட்டுத்தான் இருப்பீங்க. உங்க ரிசல்ட் வந்ததும் அவங்களுக்கும் அதே மையத்துல பார்த்துடலாம். எப்படிச் சொல்றதுன்னு தெரியலைன்னா ஆலோசகர் கூட உட்கார்ந்து பேசுவாங்க.

போயிட்டு வந்து ரிசல்ட்டை எனக்கு எழுத வேண்டாம். போயிட்டேன்னு மட்டும் எழுதுங்க.