பரப்பு கூடியது, மரம் எது?

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, இக்கல்லூரியின் முதல்வர் அம்மையார் அவர்களே, வனத்துறையில் பல்லாண்டு பணியாற்றி ஓய்வு பெற்று முன்வரிசையை அணி செய்யும் பெரியவர்களே, நான் சொல்ல வைத்திருந்ததில் பாதியை எனக்கு முன்பே சொல்லிவிட்ட பேராசிரியர் அவர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடைக்குப் பதிலாகப் புங்கங்கன்று தந்த விழாக் குழுவினருக்குத் தனி நன்றி. "மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்" என்ற பழமொழியைச் சொல்லாமல் நான் எந்த மேடையிலிருந்தும் இறங்கியதில்லை. இன்று அதிலேயே தொடங்குகிறேன்.

டென்மார்க், அயர்லாந்து ஆகிய இரு நாடுகளின் காடுகளைப் பரப்பு, சட்டம், விலை என்ற மூன்று தலைப்புகளில் ஒப்பிட வந்திருக்கிறேன். 1800ஆம் ஆண்டை ஒட்டி டென்மார்க்கின் காடு நாட்டுப் பரப்பில் 2 முதல் 4 விழுக்காடாகச் சுருங்கிக் கிடந்தது. இன்று ஏறத்தாழ 15. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 1 விழுக்காட்டைச் சற்றே தாண்டி நின்ற அயர்லாந்து, 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 11.6 விழுக்காட்டை எட்டியது. வேகத்தை மட்டும் பார்த்தால் பரிசு அயர்லாந்துக்குத்தான். சற்றுப் பொறுங்கள்.

ஒரு கப்பலின் கதை சொல்கிறேன். டென்மார்க்கின் ரோஸ்கில்டே என்ற ஊரையொட்டிய கடற்கழியில், பகைவர் வழியை அடைக்க ஒரு காலத்தில் மூழ்கடித்த, வைக்கிங் என்னும் பழைய வட ஐரோப்பியக் கடலோடிகளின் ஐந்து கப்பல்களின் சிதைவுகளை 1962இல் தோண்டி எடுத்தார்கள். அவற்றில் ஒன்று 30 மீட்டர் நீளமுள்ள போர்க்கப்பல். தங்கள் பாட்டன்மார் கட்டியது என்று டேனியர்கள் மகிழ்ந்திருப்பார்கள் அல்லவா? பலகைகளின் ஆண்டு வளையங்களை ஒவ்வொன்றாக அளந்து பார்த்தபோது, அது 1042ஐ ஒட்டி டப்ளின் வட்டாரத்து ஓக் மரத்தால் கட்டப்பட்டது என்று தெரிந்தது! மரம் அயர்லாந்தில் வளர்ந்தது. கப்பல் டென்மார்க்கில் மூழ்கியது. அதே வடிவில் மீண்டும் ஒரு கப்பல் கட்டி, 2007இல் துடுப்பும் பாயுமாக ரோஸ்கில்டேயிலிருந்து டப்ளினுக்கே ஓட்டிச் சென்றார்கள். பிறந்த வீட்டுக்கு மகள் வந்ததுபோல் அங்கே வரவேற்பு. அன்று போர்க்கப்பலுக்கு ஓக் கொடுத்த நாடு, உழவுக்கும் மேய்ச்சலுக்கும் மரத்தேவைக்கும் காட்டைக் கொடுத்துக் கொடுத்து, 1904இல் விக்லோ மாவட்டத்து அவொண்டேலில் வனவியல் பயிற்சியை ஏறக்குறைய முதலிலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது.

இனிச் சட்டம். டென்மார்க் 1805இல் ஓர் ஆணை பிறப்பித்தது: இருக்கும் காடு காடாகவே இருக்க வேண்டும், கால்நடை உள்ளே மேயக் கூடாது. அந்தக் காட்டுக்கு அவர்கள் வைத்த பெயரில் "அமைதி" என்று பொருள்படும் சொல்லே இருக்கிறது. 1807இல் ஆங்கிலேயர் கோபன்ஹேகனைக் குண்டுகளால் தாக்கிக் கடற்படையையே கொண்டுபோன பின், புதுக் கப்பல்களுக்காக ஓக் நட்டார்கள். ஓக் முற்ற இருநூறு ஆண்டுகள் வேண்டும். அதற்குள் கப்பல் இரும்பாகிவிட்டது. மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்கிறோமே, அங்கே வைத்தவன் போய்ச் சேர்ந்தான், சட்டம் தண்ணீர் ஊற்றியது!

அயர்லாந்து நட்ட மரம் எது? அதன் காட்டில் ஏறக்குறைய 45 விழுக்காடு சிட்கா ஸ்புரூஸ், வட அமெரிக்க மேற்குக் கரையின் ஊசியிலை மரம். ஈர மண்ணிலும் விறுவிறுவென்று வளரும். நாற்பது ஆண்டுக்குள் வெட்டலாம். லீட்ரிம் மாவட்டத்தில் வீட்டைச் சுற்றி இருண்ட சுவர்போல் அது எழுந்துவிட்டதாக மக்கள் குமுறுகிறார்கள். டென்மார்க்கையும் நான் தோளில் தூக்கவில்லை. 1866க்குப் பின் டென்மார்க்கின் மேற்குப் பகுதியான யூட்லாந்துப் புதர்வெளிகளில் அவர்களும் அயல் ஊசியிலை மரங்களை வரிசை வரிசையாக நட்டவர்களே.

ஆகவேதான் எந்தப் பாடநூலில் காட்டின் விழுக்காடு அச்சானாலும், பக்கத்திலேயே மரவகையின் விழுக்காடும் அச்சாக வேண்டும் என்று ஊர் ஊராகக் கேட்டு வருகிறேன். விலையைப் பற்றிச் சொல்லத் தொடங்குமுன் தலைவர் மணியடித்துவிட்டார். மனு வாசல் மேசையில், பச்சை அட்டைக்குள் இருக்கிறது. பேனாவை நூலால் கட்டி வைத்திருக்கிறேன். வணக்கம்.