பார்க்க ஒரே மாதிரி மூன்று தொகையீடுகள்: எதற்கு எந்த முறை?

(திரையில்: மூன்று வரிகள், ஒன்றன் கீழ் ஒன்றாக)

வணக்கம். முதல் வரியில் எக்ஸ் பெருக்கல் இ பவர் எக்ஸ் ஸ்கொயர். இரண்டாவது வரியில் எக்ஸ் பெருக்கல் இ பவர் எக்ஸ். மூன்றாவது வரியில் வெறும் இ பவர் எக்ஸ் ஸ்கொயர். மூன்றையும் தொகையிட வேண்டும். பார்த்தால் உடன்பிறப்புகள் மாதிரிதான் தெரியும். ஆனால் ஒன்று இரண்டே வரியில் முடிந்துவிடும், இன்னொன்றுக்கு வேறு முறை வேண்டும், மிச்சமிருக்கும் ஒன்றை நமக்குத் தெரிந்த சார்புகளை வைத்து எழுதவே முடியாது. எது எது என்று வீடியோவை நிறுத்திவிட்டு ஒருமுறை ஊகித்துப் பாருங்கள்.

வகையிடுவதில் இந்தத் தொல்லை கிடையாது. பெருக்கல் விதி, வகுத்தல் விதி, சங்கிலி விதி மூன்றும் கையில் இருந்தால் எவ்வளவு சிக்கலான சார்பையும் பொறுமையாக முடித்துவிடலாம். தொகையிடலில் இரண்டு சார்புகளின் பெருக்கலுக்கென்று எப்போதும் பலிக்கும் விதி ஒன்று இல்லை. அதனால் பேனாவை எடுக்கும் முன் கணக்கைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

(திரையில்: முதல் வரி மட்டும்)

சரி, முதல் வரி. அடுக்கில் இருக்கும் எக்ஸ் ஸ்கொயரை வகையிட்டால் 2 எக்ஸ். அந்த எக்ஸ் ஏற்கெனவே வெளியே நிற்கிறது. இது கண்ணில் பட்டால் பிரதியிடல் முறைதான். எக்ஸ் ஸ்கொயரை யூ என்று வையுங்கள். டி யூ என்பது 2 எக்ஸ் டி எக்ஸ். ஆக எக்ஸ் டி எக்ஸ் என்பது டி யூவில் பாதி. மிச்சம் இ பவர் யூ. அதைத் தொகையிட்டால் அதுவேதான். விடை: பாதி பெருக்கல் இ பவர் எக்ஸ் ஸ்கொயர், கூட்டல் சி.

இங்கே 2 என்ற எண் குறைந்தது, நாம் கவலைப்படவில்லை. மாறிலியைத் தொகையீட்டுக் குறிக்கு வெளியே கொண்டுபோகலாம். மாறியை அப்படிக் கொண்டுபோக முடியாது. எக்ஸ் குறைந்தால் குறைந்ததுதான். மூன்றாவது வரியின் சிக்கல் முழுக்க இதில்தான் இருக்கிறது.

அப்புறம், எல்லைகள் கொடுத்திருந்தால் அவற்றையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். எக்ஸ் 0 முதல் 2 வரை என்றால் யூ 0 முதல் 4 வரை. திரும்ப எக்ஸுக்கு வர வேண்டிய வேலையே இல்லை.

(திரையில்: இரண்டாவது வரி)

இரண்டாவது வரியில் அடுக்கில் இருப்பது எக்ஸ். அதை வகையிட்டால் 1. வெளியே நிற்கும் எக்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பிரதியிடல் உதவாது. இங்கே பகுதித் தொகையிடல். யூ டி வி-யின் தொகையீடு, யூ வி கழித்தல் வி டி யூ-வின் தொகையீடு. வகையிடலின் பெருக்கல் விதியைத் திருப்பிப் போட்டால் கிடைப்பதுதான் இது.

எதை யூ என்று எடுப்பது என்பதற்கு ஒரு வரிசையை மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். எனக்கு அதில் அவ்வளவு பிடிப்பில்லை. இரண்டு கேள்விகள் போதும்: எதை வகையிட்டால் எளிமையாகும், எதைத் தொகையிட்டால் மோசமாகாது? எக்ஸை வகையிட்டால் 1. இ பவர் எக்ஸைத் தொகையிட்டால் அதுவே. ஆகவே விடை எக்ஸ் இ பவர் எக்ஸ் கழித்தல் இ பவர் எக்ஸ், கூட்டல் சி. மாற்றி எடுத்தால் என்ன ஆகும்? எக்ஸைத் தொகையிட்டு எக்ஸ் ஸ்கொயர் பை 2 ஆக்கிவிடுவீர்கள். அடுத்த தொகையீடு முதலில் இருந்ததைவிடப் பெரிதாக வந்து நிற்கும். அப்படி வந்தால் உடனே திரும்பிவிடுங்கள்.

லாக் எக்ஸ் (அடிமானம் இ) தனியாக வந்தாலும் இதே முறைதான். அதை 1 பெருக்கல் லாக் எக்ஸ் என்று பாருங்கள். 1-ஐத் தொகையிட்டு, லாக் எக்ஸை வகையிட்டால் எக்ஸ் லாக் எக்ஸ் கழித்தல் எக்ஸ். சந்தேகமா? விடையை வகையிட்டுப் பாருங்கள்: லாக் எக்ஸ் கூட்டல் 1 கழித்தல் 1. பகுதி பின்னங்களைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. அது பெரும்பாலும் இயற்கணித வேலை, பகுதியைக் காரணிப்படுத்தத் தெரிந்தால் போதும்.

(திரையில்: மூன்றாவது வரி)

இப்போது மூன்றாவது. வெளியே எக்ஸ் இல்லை, பிரதியிட முடியாது. பகுதித் தொகையிடலும் சுற்றிச் சுற்றி அங்கேயே கொண்டுவந்து விடுகிறது. நமக்குத் தந்திரம் போதவில்லையோ என்று தோன்றும். அப்படியில்லை. அடுக்குகள், மடக்கைகள், முக்கோணவியல் சார்புகள் என எதை எப்படிச் சேர்த்தாலும் இதற்கு விடை எழுத முடியாது என்பதை நிறுவும் தேற்றத்தை 1830-களில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லியூவில் உருவாக்கினார். வளைகோட்டுக்குக் கீழே பரப்பு இருக்கத்தான் செய்கிறது. அதைச் சொல்ல நம்மிடம் சூத்திரம் இல்லை, அவ்வளவுதான்.

ஆனால் எல்லைகள் கொடுத்துவிட்டால் கதை மாறும். வேறொரு கணக்கைப் பாருங்கள்: 0 முதல் பை பை 2 (π/2) வரை, மேலே சைன் எக்ஸ், கீழே சைன் எக்ஸ் கூட்டல் காஸ் எக்ஸ். இதில் எக்ஸ் இருந்த இடத்தில் பை பை 2 கழித்தல் எக்ஸ் என்று போடுங்கள். பரப்பு மாறாது, படத்தை வலமிடமாகத் திருப்பியிருக்கிறோம். மேலே இருந்த சைன், காஸ் ஆகிவிடும். கீழே ஒன்றும் மாறாது. இரண்டையும் கூட்டினால் மேலும் கீழும் ஒன்றே, அதாவது 1. கூட்டுத்தொகை பை பை 2, அதில் பாதி பை பை 4. ஒரு தொகையீட்டுச் சூத்திரம்கூடத் தேவைப்படவில்லை. சைனுக்கும் காஸுக்கும் பதில் அவற்றின் நூறாவது அடுக்கைப் போட்டாலும் விடை அதேதான்.

(திரையில்: மணி வடிவ வளைகோடு)

இதே துணிச்சலோடு மூன்றாவது வரிக்குத் திரும்புவோம், அடுக்கில் ஒரு மைனஸ் சேர்த்து: இ பவர் மைனஸ் எக்ஸ் ஸ்கொயர், மைனஸ் முடிவிலி முதல் முடிவிலி வரை. பரப்பை அ என்று வைப்போம். அ-வை அ-வால் பெருக்குங்கள், ஒன்றில் எக்ஸ், இன்னொன்றில் ஒய். அடுக்கில் எக்ஸ் ஸ்கொயர் கூட்டல் ஒய் ஸ்கொயர் வந்துவிட்டது. அது ஆர் ஸ்கொயர், ஆகவே துருவ ஆயங்களுக்கு மாறலாம்: ஆர் என்பது மையத்திலிருந்து தூரம், தீட்டா என்பது கோணம். அங்கே சின்னத் துண்டின் ஒரு பக்கம் டி ஆர், வளைந்த பக்கம் ஆர் டி தீட்டா. துண்டின் பரப்பு ஆர் டி ஆர் டி தீட்டா.

அந்த ஆரைப் பாருங்கள். இவ்வளவு நேரம் வெளியே இல்லாமல் நம்மைத் தடுத்தது அதுதான். இப்போது கையில் இருப்பது ஆர் பெருக்கல் இ பவர் மைனஸ் ஆர் ஸ்கொயர், அதாவது முதல் வரிக் கணக்கு. 0 முதல் முடிவிலி வரை அதன் மதிப்பு பாதி. தீட்டா முழுச் சுற்று சுற்றினால் 2 பை. பெருக்கினால் பை. அ ஸ்கொயர் பை என்றால் அ என்பது ரூட் பை. புள்ளியியலில் இயல்நிலைப் பரவல் சூத்திரத்தின் அடியில் ஒரு ரூட் 2 பை வருமே, அது வருவது இந்தக் கணக்கிலிருந்துதான்.