கரையில் ஒதுங்கும் புல்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, மாதம் தவறாமல் இந்தக் கூட்டத்தை நடத்திவரும் வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, மல்லிப்பட்டினத்திலிருந்து தொழிலை ஒரு நாள் நிறுத்திவிட்டு வந்திருக்கும் மீனவப் பெரியவர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம். மாணவிகளைத் தனிப் பேருந்து வைத்து அழைத்து வந்த முதல்வர் அம்மாவுக்கு என் தனி நன்றி.

மத்தியதரைக் கடலோரத்து மணல் குடா ஒன்றைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்று செய்திகள் வைத்திருக்கிறேன். ஒன்று அந்த இடம், இரண்டு அங்கே கிடந்த புல், மூன்று அந்தத் தீவைச் சுற்றி ஓடும் 185 கிலோமீட்டர் குதிரைப் பாதை.

தீவின் பெயர் மெனோர்கா. ஸ்பெயினைச் சேர்ந்தது. 1993-லேயே யுனெஸ்கோ அதை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்துவிட்டது. வடகரையில் பிரெகொந்தா என்றொரு குடா. 'காலா பிரெகொந்தா' என்பார்கள். அவர்கள் மொழியில் காலா என்றால் குடா. வண்டி அங்கே போகாது. பக்கத்துக் கடற்கரையிலிருந்து அரைமணி நேரம் நடக்க வேண்டும். அக்டோபர் மாதம் நானும் மனைவியும் மகள் குடும்பத்தோடு போனோம். செம்பொன் நிற மணல், எதிரே அலையை மறித்து நிற்கும் பாறைகள், கால்விரலை எண்ணலாம் போலத் தண்ணீர். ஆள் நடமாட்டமே இல்லை.

ஆனால் கரையில் முழங்கால் உயரத்துக்குப் பழுப்புச் சருகு. நாடா நாடாவாகக் காய்ந்து கிடக்கிறது, வாடை வேறு. "இந்தக் குப்பையைப் பார்க்கவா இவ்வளவு தூரம் நடந்தோம்?" என்று என் மனைவி கேட்டார். எனக்கும் அதே எண்ணம்தான். பேத்தி ஓடிப்போய் எலுமிச்சை அளவு உருண்டை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "தாத்தா, தேங்காய் நார்!" தொட்டுப் பார்த்தேன். பாத்திரம் தேய்க்கிற நாரேதான், அவ்வளவு லேசு.

அங்கே உலாவ வந்த உள்ளூர் மூதாட்டி ஒருவர் நின்றார். மகள் மொழிபெயர்த்துச் சொன்னாள். அந்த அம்மா சருகு மேட்டின் ஓரத்தைக் காலால் மெல்லத் தள்ளிக் காட்டினார். உள்ளே ஒரு வரி மணல், ஒரு வரி இலை, மறுபடி மணல், மறுபடி இலை. "வாடைக்காற்று அடிக்கும்போது இந்தக் கரையைப் பிடித்து வைத்திருப்பது இதுதான். இதை அள்ளினால் மணலும் போய்விடும்" என்றார். அவருடைய பாட்டி காலத்தில் இதைக் காயவைத்து மெத்தைக்குள் அடைப்பார்களாம். பேத்தி அந்த உருண்டையை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தாள்.

சிறு துரும்பும் பல்குத்த உதவும் என்று நம் ஆட்கள் சும்மா சொல்லவில்லை.

அந்தச் சருகு, கடலடியில் வளரும் ஒரு புல்லின் இலை. புல்லின் பெயர் பொசிடோனியா. பாசி இல்லை, பூத்துக் காய்க்கிற செடி. இந்த வகை மத்தியதரைக் கடலைத் தவிர வேறெங்கும் இல்லை. கிழங்குத் தண்டு வருடத்துக்குச் சில சென்டிமீட்டர்தான் நகரும். நங்கூரம் ஒரு நொடியில் பிய்ப்பது மீண்டும் முளைக்கத் தலைமுறைகள் ஆகும். அதனால்தான் 2018-ல், மெனோர்காவும் சேர்ந்த பலேரிக் தீவுகளின் அரசு இந்தப் புல்லின் மேல் நங்கூரம் போடுவதைத் தடை செய்தது. பேத்தி எடுத்த அந்த நார் உருண்டை, கடலடியில் கிடக்கிற பிளாஸ்டிக் துணுக்குகளையும் சுருட்டிக்கொண்டு கரைக்கு வருகிறது என்று பார்சிலோனா ஆய்வாளர்கள் 2021-ல் எழுதினார்கள். அதே தீவுக்கூட்டத்தின் ஃபொர்மென்தெரா தீவில் பழைய வீடுகளின் கூரைக்குள் வெப்பம் தாங்க இதே சருகைத்தான் பரப்பினார்கள். சிறு துரும்பும் பல்குத்த உதவும், கூரையும் காக்கும்.

சரி, இதை இங்கே வந்து ஏன் சொல்கிறேன்? நம் பாக் நீரிணைக்கு அடியிலும் கடற்புல் இருக்கிறது. ஆவுளியா, அதாவது கடற்பசு, மேய்வது அந்தப் புல்லைத்தான். 2022-ல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசு பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். அறிவித்தால் போதுமா? அந்தப் புல்லே கரை ஒதுங்கினால் அதை நாம் குப்பை என்கிறோம். விழா என்றால் பொக்லைன் வைத்து மணலோடு சேர்த்து வழித்து எடுத்துவிடுகிறோம். பிளாஸ்டிக்கைப் பொறுக்குங்கள், கையால் பொறுக்குங்கள், நானும் வருகிறேன். புல்லை விட்டுவிடுங்கள். சிறு துரும்பு ஐயா அது!

குதிரைப் பாதையைப் பற்றிச் சொல்ல நேரமில்லை. செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். மாடிப்படிக்குக் கீழே மேசையில் மனு வைத்திருக்கிறேன். கரையில் ஒதுங்கும் புல்லை இயந்திரம் கொண்டு அள்ளக் கூடாது என்று கேட்கும் மனு. பேனாவும் அங்கேயே இருக்கிறது. மீனவப் பெரியவர்கள் முதலில் கையெழுத்துப் போட்டால் எனக்குப் பெருமை. வணக்கம்.