பழுதான சிறுநீரகத்தை எடுத்துவிட வேண்டுமா?

நேயர்களுக்கு வணக்கம்.

டயாலிசிஸ் செய்துகொள்பவர்களின் வீட்டார் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "டாக்டர், கெட்டுப்போன கிட்னியை உள்ளேயே விட்டு வைக்கலாமா?" தாராளமாக விடலாம். பெரும்பாலானவர்களுக்கு அதை எடுக்க வேண்டியதே இல்லை. மாற்றுச் சிறுநீரகத்தைக்கூடப் பழையது இருக்கும் இடத்தில் நாங்கள் பொருத்துவதில்லை. அடிவயிற்றில், இடுப்பெலும்பை ஒட்டி வைத்துச் சிறுநீர்ப்பையோடு இணைக்கிறோம். பழையவை சுருங்கிப்போய்த் தம் பாட்டுக்குக் கிடக்கும்.

ஆனால் திரும்பத் திரும்பச் சீழ் பிடித்தாலோ, புற்றுநோய் என்று சந்தேகம் வந்தாலோ, இரத்தக் கசிவு கட்டுக்குள் வராவிட்டாலோ எடுத்தாக வேண்டும். எங்களை அதிகம் சோதிப்பது பரம்பரையாக வரும் நீர்க்கட்டிச் சிறுநீரக நோய். சுமார் 150 கிராம் எடையுள்ள, கைக்குள் அடங்கும் உறுப்பு, இந்த நோயில் சிலருக்கு ஒவ்வொன்றும் இரண்டு மூன்று கிலோ வரை பருத்துவிடும். நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு முட்டும். படுத்தால் மூச்சு வாங்கும். மாற்றுச் சிறுநீரகம் வைக்க உள்ளே இடமே இருக்காது.

முன்பெல்லாம் இதற்கு வயிற்றை நெடுகக் கீறித் திறக்க வேண்டியிருந்தது. 1990-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ரால்ஃப் கிளேமன் குழுவினர் முதன்முதலாக லேப்ராஸ்கோப்பி மூலம், அதாவது சிறு துளைகள் வழியே கேமராவையும் கருவிகளையும் விட்டு, ஒரு சிறுநீரகத்தை அகற்றினார்கள். அந்த வழியில் வந்ததுதான் ரோபோ. அது தானாக எதையும் வெட்டாது. நோயாளியிடமிருந்து சில அடி தள்ளி உட்கார்ந்து, முப்பரிமாணப் படத்தைப் பார்த்தபடி அறுவை மருத்துவர் விரலை அசைக்கிறார். சிறு துளைகள் வழியே உள்ளே போன கருவிகள் அதே அசைவைச் செய்கின்றன.

வீங்கிய சிறுநீரகம் குடலோடும் கல்லீரலோடும் ஒட்டிக் கிடக்கும். அதைப் பிரித்து, முதலில் தமனிக்கும் பிறகு சிரைக்கும் கிளிப் போடுவோம். கட்டிகளைத் துளைத்து உறிஞ்சும்போது ஒன்றில் தெளிந்த நீர் வரும். பக்கத்துக் கட்டியில் பழைய இரத்தம் கலந்து காப்பி நிறத்தில் வரும். உறுப்பு சுருங்கியதும் பைக்குள் போட்டு, அடிவயிற்றில் ஒரு கீறல் வழியாக எடுத்துவிடலாம்.

தழும்பு சிறியது என்றுதான் விளம்பரங்கள் சொல்கின்றன. நான் பெரிதாக நினைப்பது இரத்தத்தை. சிறுநீரகம் செயலிழந்தவருக்கு ஏற்கெனவே இரத்தசோகை இருக்கும். நிறைய இரத்தம் போனால் வெளியிலிருந்து ஏற்ற வேண்டும். ஏற்றிய இரத்தத்தால் உடலில் எதிர்ப்புப் பொருள்கள் உருவாகிவிட்டால், பிறகு பொருந்தும் சிறுநீரகம் கிடைப்பதே கஷ்டமாகிவிடும். ரோபோவின் துல்லியம் இங்கேதான் உண்மையில் கைகொடுக்கிறது.

இன்னொன்றையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டையும் எடுத்துவிட்டால் சிறுநீர் அடியோடு நின்றுவிடும்; குடிக்கும் தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். அதனால் முடிந்தவரை ஒரு பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளப் பார்ப்போம். உடன்பிறந்தவர் சிறுநீரகம் தர முன்வந்தால் அவருக்கும் முதலில் ஸ்கேன் எடுப்போம். பெற்றோரில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர 50 சதவீதம் வாய்ப்புண்டு.

நன்றி, வணக்கம்.